புகாருக்குப் பிறகு என்ன?

நவம்பர் பிறந்தால் பள்ளிகளில் குழந்தைகள் பாதுகாப்புப் பேரணி களைகட்டிவிடும். வகுப்பில் எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டுவிட்ட பிள்ளைகள் பதாகை பிடித்து வெயிலில் நடப்பார்கள்; கேட்டிருக்க வேண்டிய பெரியவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

அதற்காக இந்த முயற்சிகளையெல்லாம் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு பரவலான ‘குட் டச், பேட் டச்’ வகுப்புகள், வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் பேச வைத்தன. 1098 குழந்தைகளுக்கான உதவி எண் என்று இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். இது சின்ன காரியமல்ல.

ஆனால் ‘கத்து, ஓடு, பெரியவரிடம் சொல்’ என்ற பாடம் முன்பின் தெரியாதவனை மனதில் வைத்து எழுதப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பாலியல் வன்கொடுமைக்கான போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். தினமும் சாக்லேட் வாங்கித் தரும் சித்தப்பாவிடமிருந்து எங்கே ஓடுவது?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புகார் கொடுங்கள் என்பதோடு விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்துவிடுகிறது. ஒரு தாயைத் தடுப்பதோ அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான்: பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களா? பேப்பரில் பெயர் வருமா? கோர்ட்டில் எத்தனை முறை நிற்க வேண்டும்? இவற்றுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். வாங்குகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. சாட்சி சொல்லத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. மேடையில் முழங்குகிறவர்கள் இதையெல்லாம் ஏனோ சொல்வதில்லை. இயன்றவரை ஓராண்டுக்குள் முடிய வேண்டிய விசாரணை பல வழக்குகளில் இழுத்துக்கொண்டே போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். தெரிந்து இறங்குகிறவர்கள் பாதியில் பின்வாங்குவது குறையும்.

பெரியவர்களின் கடமை பற்றிய பேச்சு இன்னும் குறைவு. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. ‘பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று பெற்றோரைச் சமாதானப்படுத்தும் தலைமையாசிரியர் இரக்கத்தோடுகூடப் பேசலாம். சட்டத்தின் கண்ணில் அவரும் குற்றவாளிதான். புகார்ப் பெட்டியை அவர் அறை வாசலிலேயே மாட்டி, சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டு, பெட்டி காலியாக இருப்பதைச் சாதனையாகக் காட்டுவதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்றிலாவது உறுதிமொழி வாசிப்பதை விட்டுவிட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரை உட்கார வைத்து, புகார் கொடுத்த மறுநாள் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லச் சொல்லலாம். பேரணிக்கு அடிக்கிற பிளக்ஸ் செலவுகூட ஆகாது.