தோமாவின் பணிகள்

தோமாவின் பணிகள், இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான தோமையார் இந்தியாவில் போதித்த கதையைக் கூறும் சிரியாக் மொழி நூல். பொ.யு. 3-ம் நூற்றாண்டில் எடெசா நகரில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. விவிலியத்தில் சேர்க்கப்படாதது.

உள்ளடக்கம்

சீடர்கள் சீட்டுப்போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்ளும்போது தோமையாருக்கு இந்தியா விழுகிறது. எபிரேயனான தான் இந்தியருக்கு எப்படிப் போதிப்பது என்று அவர் மறுக்கிறார். இயேசு அவரை ஒரு வணிகருக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். குண்டபோரஸ் என்னும் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்கு அளித்துவிட்டு, அரண்மனை விண்ணுலகில் இருப்பதாக அரசனிடமே சொல்லிச் சிறை செல்கிறார். பின்னர் மஸ்தாய் என்னும் அரசனின் நாட்டில், அரசியும் அரசனின் உறவினன் மனைவியும் அவரது போதனையைக் கேட்டுக் கணவருடன் வாழ மறுக்கின்றனர். அரசாணைப்படி நான்கு வீரர்கள் அவரை ஊருக்கு வெளியே உள்ள மலையில் ஈட்டியால் குத்திக் கொல்கின்றனர்.

மதிப்பீடு

நூலின் வலிமை, அஞ்சி மறுத்தவர் அரசன் முன் அஞ்சாமல் பேசுபவராக மாறுவதில் உள்ளது. அரண்மனைக் கதை இதன் உச்சம். அங்கே ஏழைகளுக்குக் கொடுத்த செயலே போதனையாகிவிடுகிறது. பிற்பகுதியில் நீண்ட உரைகளும், பேசும் கழுதை போன்ற அற்புதங்களும் பெருகி, தோமையார் என்ற மனிதர் மறைந்துபோகிறார்.

குண்டபோரஸின் நாணயங்கள் வடமேற்கு இந்தியப் பகுதிகளில் 19-ம் நூற்றாண்டில் கிடைத்தன. அரசன் இருந்தான் என்பதற்கு அவை சான்று. தோமையார் அவனைச் சந்தித்தார் என்பதற்குச் சான்றல்ல. நூலில் மயிலாப்பூரின் பெயரும் இல்லை.

தோமையாரின் மரணம் குறித்துத் தமிழகத்தோடு தொடர்புடைய வேறு கதைகளும் உள்ளன. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ பதிவுசெய்த கதையில், மயிலுக்கு எய்த அம்பு தவறுதலாக அவர்மேல் பாய்கிறது. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் பதிவான பரங்கிமலை மரபில், சமயப் பகை கொண்டவர்கள் அவரை ஈட்டியால் குத்துகின்றனர். ஆக, அதே மரணம் ஒன்றில் அரச தண்டனை, ஒன்றில் விபத்து, ஒன்றில் சமயக் கொலை.

இவற்றுள் கடைசிக் கதையே இன்று பரவலாக அறியப்பட்டது. அது ஒரு சமூகத்தின்மேல் பழி சுமத்தவும் பயன்பட்டுள்ளது. காலத்தால் மிக முந்திய இந்நூலோ கொலைக்கான காரணத்தை அரசனின் வீட்டுக்குள் வைக்கிறது. மனைவி தன் முடிவைத் தானே எடுக்கலாம் என்றாக்கிய சொற்களையே மஸ்தாயால் பொறுக்க முடியவில்லை. நூல் வரலாறாக நிறுவப்படாதது என்றாலும், தோமையாரின் துணிவு யாரை அச்சுறுத்தியது என்ற கேள்விக்குப் பிந்தைய மரபுகள் கைவிட்ட விடையை அது காத்துவைத்திருக்கிறது.