இரும்பு நைட்ரைடு: படலம் சொல்வதும் சொல்லாததும்

2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கடிவாளம் போட்டது. மின்வண்டி மோட்டாரில் நியோடிமியம் காந்தம் சூட்டைத் தாங்க இந்த இரண்டும்தான் கைகொடுக்கின்றன. வண்டித் தொழிலை நம்பி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் இதை வெறும் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. மாற்று எது என்று பேச்சு எழும்போதெல்லாம் இரும்பு நைட்ரைடின் பெயர் அடிபடுகிறது. இரும்பும் காற்றிலுள்ள நைட்ரஜனும் போதும், அருமண்ணே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கையின் பெரும்பகுதி வெற்றிட அறையில் வளர்த்த மென்படலங்களின் அளவீடுகள் மேல்தான் நிற்கிறது.

படலம் வளர்க்கும் முறைகளில் முக்கியமானது ஸ்பட்டரிங். ஆர்கான் அயனிகள் இரும்புத் தகட்டில் மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்கும். அவை எதிரே வைத்த தளத்தில் போய்ப் படியும். நம் பகுதிக்கு இது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபேன் ஆலையில் கட்டடக் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் பூச்சு ஏறுவதும் இந்த முறையில்தான்.

இதன் பெரிய பலம் கட்டுப்பாடு. ஆர்கானோடு கலக்கும் நைட்ரஜனின் விகிதத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், முதலில் நைட்ரஜன் கரைந்த மென்காந்த இரும்பு கிடைக்கும், பிறகு Fe₄N, கடைசியில் அறை வெப்பத்தில் காந்தமே இல்லாத FeN. உலையில் எளிதில் கைக்கு வராத, நிலையற்ற Fe₁₆N₂ கட்டமைப்பையும் (காந்த நம்பிக்கையெல்லாம் இதன் மேல்தான்) படலமாகப் பிடிக்கலாம். இந்தூரில் உள்ள யுஜிசி–டிஏஇ கூட்டு ஆய்வு மையம் இந்தப் படலங்களில் நைட்ரஜன் எப்படி நகர்கிறது, சூட்டில் கட்டமைப்பு எப்படிக் குலைகிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

சிக்கல் எண்களில் தொடங்குகிறது. Fe₁₆N₂-இன் கட்டமைப்பை ஜாக் 1951-இல் விளக்கினார். அது இரும்பைவிட வலிய காந்தம் என்று 1972-இல் கிம்மும் தகஹாஷியும் அறிவித்தார்கள். இரும்பின் தெவிட்டு காந்தமாக்கம், அதாவது அது எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கம், சுமார் 2.2 டெஸ்லா; 1990-களின் தொடக்கத்தில் ஹிட்டாச்சி குழு 2.8-ஐத் தாண்டியதாகச் சொன்னது. வேறு பலருக்கு 2.4-க்கு மேல் ஏறவில்லை. சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. காரணம் எளிது: அளந்த காந்தத் திருப்புத்திறனைப் படலத்தின் பருமனளவால் வகுக்க வேண்டும். 50 நானோமீட்டர் படலத்தின் தடிமனை 3 நானோமீட்டர் குறைத்து மதிப்பிட்டால் போதும், சாதாரண இரும்பே 2.3-ஐத் தாண்டிவிடும்! போதாக்குறைக்குப் படலம் முழுக்க ஒரே கட்டமைப்பாக இருப்பதும் அரிது. கலந்திருக்கும் சாதா இரும்பின் பங்கைக் கணக்கில் கழித்துத்தான் பெரிய எண்ணுக்கு வருகிறார்கள். தடிமனையும் காந்தமாக்கத்தையும் ஒருசேரத் தரும் நியூட்ரான் எதிரொளிப்பு அளவீடு உடன் இல்லாத எண்ணை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

எண் சரியென்றே வைத்துக்கொள்வோம். தெவிட்டு காந்தமாக்கம் பெரிதாக இருந்தால் மட்டும் மோட்டார் காந்தம் ஆகிவிடாது. எதிர்ப்புலத்தில் காந்தம் இழக்காத காந்த நீக்குத்திறனும் வேண்டும். அதில் நியோடிமியம் காந்தம் வெகுதூரம் முன்னே நிற்கிறது. Fe₁₆N₂ 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே சிதையத் தொடங்குவதால், ஆயிரம் டிகிரியில் சுட்டு இறுக்கும் வழக்கமான வழியும் அடைபட்டுவிடுகிறது.

வேகமோ, கேட்கவே வேண்டாம். நொடிக்கு அரை நானோமீட்டர் படிகிறது என்று கொண்டால், 3 மில்லிமீட்டர் காந்தத்துக்கு 60 லட்சம் நொடி, அதாவது ஏறக்குறைய 70 நாள் ஆகும். இரும்புத் தகடும் தன் பங்குக்குத் தொல்லை தரும்: அதுவே காந்தப்பொருள் என்பதால், தகடு தடித்தால், ஆர்கான் பிளாஸ்மாவைப் பிடித்துவைக்கத் தகட்டின் பின்னால் வைத்த காந்தங்களின் புலத்தை விழுங்கி அந்தப் பிளாஸ்மாவை மங்கவைத்துவிடும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் படல ஆய்விலிருந்து கிளைத்த நைரான் நிறுவனமே விற்பனைக் காந்தத்துக்குத் தூள் வழியைத்தான் பிடித்திருக்கிறது.

எனவே உணரிகளுக்கும் அடிப்படை ஆய்வுக்கும் ஸ்பட்டரிங் படலம் தகும், மோட்டாருக்குத் தகாது. ஒரகடத்தின் ஜிஏஆர்சி சோதனை மையம் 2025 அக்டோபரில் சான்றளித்த ஓலாவின் அருமண் இல்லாத மோட்டாரில் இருப்பதும் இரும்பு நைட்ரைடு அல்ல, பழைய ஃபெரைட் காந்தம். ஆலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரும்பு நைட்ரைடு விற்க யாராவது வந்தால், படலத்தின் டெஸ்லா எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கையில் பிடிக்கும் அளவிலான காந்தத்துக்கு 150 டிகிரியில் காந்த நீக்குத்திறன் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.