இடக்கையில் ஓர் இலைக்கிளி

பிளவக்கல்லும் தாணிப்பாறையும் வத்திராயிருப்புக்கு மேற்கே, மலை எழும்பும் இடத்தில் இருக்கின்றன. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் பாதை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்க இந்தப் பாதையில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் குழுவாகத்தான் வருவார்கள். குழுவுக்கு முன்னால் ஒருவர் நடப்பார். எந்த ஓடையில் தண்ணீர் ஏறினால் திரும்பிவிட வேண்டும், யாருக்கு மூச்சு வாங்குகிறது, கொண்டுவந்த சோறு எத்தனை பேருக்குக் காணும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சபரிமலைக்கும் இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடக்கிற குழுக்களிலும் இப்படி ஒருவர் உண்டு. நடப்பதோடு நிற்காமல், வழியில் கண்டவர்க்கெல்லாம் கஞ்சியும் நீர்மோரும் கொடுக்கச் செய்பவரும் அவர்தான். அவரைப் பாராட்ட நினைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பொன்னாடை போர்த்துகிறோம், பெயர் பொறித்த கேடயம் வாங்குகிறோம், முகத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். மூன்றும் கடையில் காசு கொடுத்தால் கிடைப்பவை. இதைவிடப் பொருத்தமான மரியாதை எப்படி இருக்கும் என்பதற்கு அதே மலையின் அடிவாரத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கைவேலை தினமும் பதில் சொல்கிறது. அங்கே கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் இலைக்கிளிதான் அது.

தெய்வத்துக்குச் செய்யும் கிளிக்கும் நடைக்குழுத் தலைவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆண்டாள் பாடிய திருப்பாவையின் அமைப்பைப் பார்த்தால் தொடர்பு தெரியும். முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை ஆண்டாள் செய்வது ஒரே வேலைதான்: வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்பிச் சேர்க்கிறாள். தூங்குகிறவளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வருவதில்லை. சேர்ந்த பிறகு எல்லோருமாக நந்தகோபன் மாளிகைக்கு நடக்கிறார்கள். மார்கழி நோன்பின் நியமங்களைச் சொல்லும் இரண்டாவது பாசுரத்திலேயே இல்லாதவர்க்குக் கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. இருபத்தேழாவதில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பால்சோறு சாப்பிடுகிறார்கள். ஆளைச் சேர்ப்பது, பின்தங்கியவருக்காக நிற்பது, கொடுப்பது, கடைசியில் பந்தி. மார்கழி விடியலில் கிளம்பும் எந்தக் குழுவின் தலைவரும் இந்த வரிசையில் தன் வேலையை அடையாளம் கண்டுகொள்வார். பக்தியை ஒரு கணம் ஒதுக்கி வைத்துப் படித்தாலும், நம் மொழியில் ஒரு கூட்டத்தை நடத்திச் சென்றவளின் நிறைவான சித்திரம் இதுதான் என்று சொல்வேன்.

அப்படிப்பட்டவளுக்கு அவள் ஊர் என்ன செய்து கொடுத்திருக்கிறது? கிளியின் அலகுக்கு மாதுளம்பூ. அதன் புறவிதழ் தோல்போல் தடித்து, சிவந்து, முனையில் கூர்ந்திருக்கும். அலகுக்கு வேண்டிய உறுதியும் நிறமும் அந்தப் பூவிலேயே அமைந்திருக்கின்றன. உடலுக்கு மரவள்ளி இலை. விரல் விரலாகப் பிரியும் அந்த இலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்தால் இறகின் அடுக்கு தானாக வந்துவிடும். இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். ஒன்று பளபளக்கும் கரும்பச்சை, மற்றது வளையாமல் விரிந்து நிற்கும் விறைப்பு. வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும், கண்ணுக்குக் காக்காப்பொன், காலுக்கு மூங்கில் குச்சி, எல்லாவற்றையும் பிணைக்க வாழைநார். இலைத்தண்டு மெல்லியது, நூலோ கம்பியோ அதை அறுத்துவிடும். நனைந்த நார் அறுக்காமல் அணைத்துப் பிடிக்கும். எந்த உறுப்புக்கு எந்தச் செடி என்ற இந்தத் தேர்வு ஒருவர் ஒருநாள் உட்கார்ந்து யோசித்து வந்ததாக இருக்க முடியாது. சரிவராத இலைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து மிஞ்சியவை இவை என்றே தோன்றுகிறது. ஒரு கிளி உருவாக ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். மறுநாள் அது பக்தர் ஒருவர் கைக்குப் போய்விடும். புதிதாக இன்னொன்று கட்ட வேண்டும்.

இந்தக் கைவேலையில் நான் மிகவும் மதிப்பது இரண்டு விஷயங்கள். முதலாவது, கிளி ஆண்டாளின் உருவம் அல்ல. அவள் கையில் இருக்க வேண்டிய துணை. சுகப்பிரம்ம ரிஷி கிளியாக அரங்கனிடம் அவளுக்காகத் தூது போனார் என்பது ஊரார் நம்பிக்கை. அதாவது, ஊர் அவள் முகத்தை வரைந்து அவளிடமே நீட்டவில்லை. அவள் செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கு உதவும் ஒன்றைத் தருகிறது. ஆண்டாள் மரபில் இந்தப் போக்கு வேறு இடங்களிலும் தெரிகிறது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக அழகருக்கு அவள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டதை ராமானுஜர் திருமாலிருஞ்சோலையில் நிறைவேற்றினார், அதற்காக அவள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்று வைணவர்கள் சொல்வார்கள். விட்டுப்போன வேலையை எடுத்து முடிப்பதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? 

இரண்டாவது விஷயம் கிளி வாடுவது. மரவள்ளி இலை பறித்த சில மணி நேரத்தில் துவளத் தொடங்கும் என்பது கட்டுகிறவருக்குத் தெரியாததல்ல. நடத்திச் செல்பவரின் வேலையும் இதே தன்மை உடையது. போன மாதம் எல்லோரையும் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தது இந்த மாத ஏற்றத்துக்கு உதவாது. நேற்றுப் போட்ட சோறு நேற்றோடு செரித்துவிட்டது. கேடயம் ஒருவரின் பணி முடிந்துவிட்டதைப்போலப் பேசுகிறது. ஆண்டைப் பொறித்து அலமாரியில் ஏற்றிவிடுகிறது. மறுபடி மறுபடி செய்தே ஆக வேண்டிய தொண்டுக்கு, மறுபடி மறுபடி செய்தே ஆக வேண்டிய பொருள்தான் சரியான இணை.

வாடிப்போவதை வைத்து ஒருவரை எப்படி நினைவில் நிறுத்துவது என்பது நியாயமான கேள்வி. உலோகம் நிலைக்கும், உண்மை. ஆனால் உலோகம் செய்தவனின் கையை நிலைநிறுத்துவதில்லை. கிளி தினமும் அழிவதால்தான் அதைக் கட்டத் தெரிந்தவர் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது. அவரிடமிருந்து இன்னொருவர் கற்க வேண்டியிருக்கிறது. ஜப்பானில் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டி முடித்தார்கள். மரத்தச்சின் நுட்பம் அங்கே கையிலிருந்து கைக்கு வந்ததற்கு அந்தக் கால அளவும் காரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கால அளவு ஒரே நாள்.

கிளியைப் பரம்பரையாக ஒரு குடும்பம் கட்டிவருவது கடமைதானே, அதில் அன்பு எங்கே என்றும் கேட்பார்கள். அன்பு பொங்கும் நாளில் மட்டும் செய்வதென்றால் வருடத்தில் பாதி நாள் அவள் கை வெறுமையாக இருக்கும். மழையிலும் அலுப்பிலும் அதே நாலரை மணி நேரத்தைக் கொடுக்க வைப்பது கடமை. கடமையாக நிலைபெற்ற அன்பை அன்பில் குறைந்தது என்று நான் எண்ணவில்லை. நடைக்குழுத் தலைவரைக் கிளியின் முறையில் பாராட்டினால் மனிதரைத் தெய்வத்துக்குச் சமமாக்கும் ஆபத்து இல்லையா என்பது இன்னொரு தடை. அந்த ஆபத்து முகத்தைப் பத்தடிக்குப் பெரிதாக்கும் ஃப்ளெக்ஸில்தான் கூடுதல். கைக்குள் அடங்கும் பொருள் மனிதரை மனிதராகவே விடுகிறது.

கனமான தடை ஒன்று உண்டு. கிளி கட்டும் தேர்ச்சி ஒரு நடைக்குழுவில் யாருக்கு இருக்கும்? இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆண்டாளின் கிளியை அப்படியே நகல் எடுப்பது பொருத்தமும் அல்ல, அது அவளுக்குரியது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறை. அவர் கையில் எது இருந்தால் அடுத்த ஏற்றம் எளிதாகும் என்று பாருங்கள். பிடி வழுக்காமல் நார் சுற்றிய மூங்கில் ஊன்றுகோலாக இருக்கலாம். பந்தியில் பரிமாற, குழுவினரே கூடி உட்கார்ந்து தைத்த இலைகளாக இருக்கலாம். இலை மறுநாள் இருக்காது, அடுத்த அமாவாசைக்கு மறுபடி தைக்க வேண்டும். இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. மலை இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஓர் இலையையும் கிள்ளக்கூடாது. ஆனால் கிளிக்கான மாதுளை, நந்தியாவட்டை, அரளி, மரவள்ளி, வாழை எல்லாம் வீட்டுக் கொல்லையிலும் தோட்டத்திலும் வளர்பவை. ராஜபாளையத்திலோ வத்திராயிருப்பிலோ ஒரு குழு நாளைக்கே தொடங்க நினைத்தாலும் காட்டைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அரைநாள் ஒன்றாக உட்காரச் சம்மதித்தால் போதும்.