மௌரியப் பேரரசு அன்பினால் வீழ்ந்ததா?

கலிங்கப் போருக்குப் பின் அசோகர் வாளைக் கீழே வைத்தார், படை சோம்பிப்போனது, பேரரசு சரிந்தது. மௌரியர் வீழ்ச்சிக்கு நம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் காரணம் இதுதான். கேட்கச் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் சரிதானா?

இக்கருத்துக்குப் புலமை வலுவூட்டியவர் ஹேமசந்திர ராய்சவுத்ரி. பண்டைய இந்திய அரசியல் வரலாறு பற்றி அவர் 1923இல் வெளியிட்ட நூல், சிதறிக் கிடந்த அரச மரபுகளை வரிசைப்படுத்திய அரிய உழைப்பு. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும், வீழ்ச்சிக்கு அசோகரின் அகிம்சையைக் காரணமாக்கிய இடத்தில் நூல் இடறுகிறது என்பது என் துணிபு.

கல்வெட்டுகளையே கேட்போமே. 13ஆம் பாறைக் கல்வெட்டு கலிங்கத்தில் 1 லட்சம் பேர் மாண்டதையும், 1.5 லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டதையும் சொல்லி வருந்துகிறது. அதே கல்வெட்டுதான், வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று காட்டுவாசிகளை எச்சரிக்கவும் செய்கிறது. வென்ற கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் இந்த வருத்தச் செய்தி பொறிக்கப்படவும் இல்லை!

டில்லி அன்பர்கள் பெரோஸ் ஷா கோட்லா தூணைப் பார்த்திருப்பீர்கள். தோப்ராவிலிருந்து பெரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்து நிறுத்தியது. அதிலுள்ள 4ஆம் தூண் கல்வெட்டு, மரண தண்டனை பெற்றவருக்கு 3 நாள் அவகாசம் தருகிறது. அவகாசம்தான், தண்டனை ரத்து இல்லை.

படை கலைந்ததா? ஏறத்தாழ கி.மு. 185இல் கடைசி மௌரியரான பிருகத்ரதனைக் கொன்ற புஷ்யமித்திரனைப் புராணங்கள் சேனாபதி என்கின்றன. படையைக் காட்டுவதாகச் சொல்லி மன்னனைக் கொன்றான் என்கிறார் 7ஆம் நூற்றாண்டுப் பாணர். படையே இல்லாத நாட்டில் படையைக் காட்டுவது எப்படி? அசோகர் மறைந்தது ஏறத்தாழ கி.மு. 232. இடையில் 47 ஆண்டுகள். அவ்வளவு காலப் பழியையும் இறந்தவர் தலையில் கட்டுவது நியாயமா?

ரொமிலா தாப்பர் 1961இல் வெளியிட்ட நூல் இதற்கு நல்ல மறுமொழி. அதிகாரம் மையத்தில் குவிந்திருந்தது. அதிகாரிகளின் விசுவாசம் அரசனுக்கே இருந்தது, அரசு என்ற அமைப்புக்கு இல்லை. ஆள் மாறியதும் கட்டு தளர்ந்தது என்றார் அவர். அத்தனை பெரிய நிலப்பரப்பை ஒரே பிடியில் வைத்திருக்க முடிந்ததா என்ற ஐயம் நமக்கு எழும். அவருக்கும் எழுந்திருக்க வேண்டும். 1987இல் வந்த நூலில், மகதம் என்னும் மையம், வளமான சில பகுதிகள், பிடி தளர்ந்த விளிம்புகள் எனப் பேரரசைப் பிரித்துக் காட்டினார். தம் முடிவையே திருத்திக்கொள்வது ஆய்வாளருக்கு அழகு. கி.மு. 206இல் சிரியப் பேரரசன் 3ஆம் அந்தியோக்கஸ் வடமேற்கில் சுபகசேனன் என்ற தனி மன்னனோடு உடன்படிக்கை செய்தான். முதலில் கழன்றது விளிம்புதான்.

தமிழர் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2ஆம், 13ஆம் கல்வெட்டுகள் சோழரையும் பாண்டியரையும் எல்லைக்கு அப்பாலுள்ளோர் என்கின்றன. உடனே, "நாம மௌரியரைத் தோற்கடிச்சோம்" என்று மேடையில் முழங்குகிறோம். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அங்கெல்லாம் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததாகத்தான் சொல்கிறது. அந்தப் பெருமை போதாதா?

அன்பு காட்டினால் நாடு அழியும் என்பது வரலாறு தரும் பாடமல்ல. வரலாற்றின் மேல் நாம் ஏற்றிய பாடம். ஒருவரையே நம்பி நிற்கும் அமைப்பு அவரோடு தளரும் என்பதுதான் சான்றுகளுக்கு நெருக்கமானது. பேரரசுக்கு மட்டுமா, நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம்.