இருபது நொடிக்கு ஒரு படம்

டோக்கியோவின் ரொப்போங்கி பகுதியில் சூப்பர்டீலக்ஸ் என்றொரு நிலவறை அரங்கு இருந்தது. 2003 பிப்ரவரியில் ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைத்தம் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவர் அங்கே ஒரு மாலைக் கூட்டம் நடத்தினார்கள். இளம் வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையை நாலு பேருக்குக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். தங்கள் தொழில்காரர்கள் ஒலிவாங்கியைப் பிடித்தால் எளிதில் விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே ஒரு விதி வைத்தார்கள்: ஆளுக்கு 20 படம், ஒரு படம் திரையில் 20 நொடி. மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. பெச்சா குச்சா என்ற அந்தக் கூட்டம் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுருக்கம்தான் இதன் அழகு என்பார்கள். ஏழு நிமிடத்துக்குள்ளும் ஒருவரால் நம்மைக் கொட்டாவி விடவைக்க முடியும். என்னைக் கட்டிப்போடுவது வேறு. படத்தை மாற்றும் பொத்தான் பேசுபவர் கையில் இல்லை. நேரம் வந்ததும் படம் தானே நகர்ந்துவிடும். தாளத்தின் ஆவர்த்தனம் பாடகருக்காக நிற்பதில்லை. எங்கே எடுத்து எங்கே வந்து சேர்கிறார் என்பதில்தான் அவருடைய வித்வத்தைக் கேட்கிறோம். இங்கேயும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

இருபது நொடியில் நிதானமாகப் பேசினால் முப்பது, நாற்பது சொற்கள். புதிதாக வருபவர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டி உரையை அளந்து வெட்டிக்கொண்டு வருவார். படம், விளக்கம், படம், விளக்கம் என்று போகும். நாலாவது படத்திலேயே அந்த நடை நமக்குப் பிடிபட்டுவிடும். பிறகு எதிர்பார்க்க ஒன்றுமிருக்காது. தேர்ந்தவர் வாக்கியத்தைப் படத்தின் விளிம்பைத் தாண்டி ஓடவிடுவார். பழைய வீடொன்றைப் புதுப்பித்த கதையை ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். திரையில் பூட்டிய கதவு. “உள்ளே போனதும் முதலில் என் கண்ணில் பட்டது” என்று அவர் சொல்லும்போது படம் மாறுகிறது: கூரையைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஒரு மரம். அந்த வாக்கியத்தை அவர் முடிக்க வேண்டியதே இல்லை. அரங்கு முடித்துக்கொள்ளும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சுகம் உண்டு. படம் முதலில் வரும், என்னவென்று புரியாது. அவர் வேறெதையோ பேசிக்கொண்டிருப்பார். பத்தாவது நொடியில் ஒரு சொல் விழும், படம் சட்டென்று துலங்கும். கதைக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டால் கெட்டிக்காரர்கள் ஒரே படத்தை மூன்று முறை வைத்து 60 நொடி வாங்கிக்கொள்வார்கள். விதி மீறப்படுவதில்லை, மூச்சு மட்டும் நீள்கிறது.

படத்தில் எழுத்து வைப்பவர்களை என்னால் ரசிக்க முடிவதில்லை. எழுத்தைக் கண்டதும் கண் படிக்கப் போய்விடுகிறது. காது அதன் பின்னாலேயே போய்விடுகிறது. ஒரு படத்தில் ஒரு பொருள், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும் அளவில் இருந்தால் போதும்.

ஜப்பானில் இதற்கு முன்பே படத்தோடு பேசும் கலைகள் இரண்டு இருந்தன. 1930களில் கமிஷிபாய்க்காரர்கள் சைக்கிளில் மரச்சட்டம் கட்டி வந்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்றுவிட்டு, பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். அட்டையைப் பாதி உருவி நிறுத்தி, பிள்ளைகளைத் தவிக்கவிட்டு, மீதியை இழுப்பது அவர்களுடைய கைத்திறன். மற்றொன்று, மௌனப்படங்களுக்குத் திரையருகே நின்று குரல் கொடுத்த பென்ஷிகளின் கலை. அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோவும் ஒரு பென்ஷிதான். ஓடும் படத்தோடு ஓடிக்கொண்டே பேச வேண்டியது அவர்கள் பாடு. கிளைனும் டைத்தமும் இவற்றைப் பார்த்துத் தங்கள் விதியை வகுத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நல்ல பேச்சாளர் ஒருவரைக் கேட்கும்போது, பென்ஷியின் ஓட்டத்துக்குள் கமிஷிபாய்க்காரரின் அந்தப் பாதி இழுப்பைச் செய்துகாட்டுகிறாரே என்று வியக்கிறேன்.

2006இல் சியாட்டிலில் தொடங்கிய இக்னைட் கூட்டங்களிலும் 20 படங்கள்தான். ஆனால் படத்துக்கு 15 நொடி, மொத்தம் ஐந்து நிமிடம். விறுவிறுப்பு கூடுகிறது, மறுக்கவில்லை. அந்த ஐந்து நொடி குறைந்ததில் மௌனம் போய்விட்டது என்பதுதான் என் குறை. இருபது நொடியில் பன்னிரண்டு நொடி பேசிவிட்டு, மீதியைப் படத்திடம் விட்டுவிட்டுச் சும்மா நிற்கலாம். அப்படி நிற்கத் துணிச்சல் வேண்டும். பலர் அந்த எட்டு நொடியைத் தாங்கமாட்டாமல் ஏதேனும் சொல்லி நிரப்பிவிடுகிறார்கள்.

கடைசிப் படத்தில் ‘நன்றி’ என்று போட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. இருபதில் ஒரு பங்கை அது விழுங்கிவிடுகிறது. அந்த இடத்திலும் ஒரு நல்ல படத்தை வைத்து, கதையின் நடுவிலேயே நம்மை விட்டுவிட்டு மேடையிறங்குபவர்களைத்தான் இடைவேளையில் கூட்டம் தேடிப்போய்ச் சூழ்ந்துகொள்கிறது.