சேர்வராயனும் வளர்ச்சி இயலும்

வளர்ச்சி இயல் என்று பல்கலைக்கழகங்களில் நடந்துவரும் துறைக்கு மதத்தைப் பற்றி இரண்டே பார்வைகள்தான் இருந்துவந்திருக்கின்றன. ஒன்று, மதம் தடைக்கல். மற்றது, மதம் கருவி. ஒன்றிலிருந்து மற்றதற்கு வர முப்பது நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதைப் பெரிய மாற்றம் என்று அத்துறையினர் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வெபர் 1916-17இல் இந்திய மதங்களைப் பற்றி எழுதியதன் நிழலில்தான் காப்பின் 1963ஆம் வருஷத்து நூலும் மிர்தாலின் 'ஏஷியன் டிராமா'வும் (1968) நிற்கின்றன. இந்துவின் மனம் அசைய மறுக்கிறது, ஆகவே திட்டம் தோற்கிறது என்ற ரீதியில் வாதம் போகும். பிறகு நீண்ட மௌனம். 1982 முதல் 1998 வரை வந்த மூன்று முக்கியமான வளர்ச்சி இயல் சஞ்சிகைகளைப் புரட்டிப் பார்த்த வெர் பீக், ஆன்மிகம் பற்றி அவற்றில் அநேகமாக ஒன்றுமே இல்லை என்று 2000இல் எழுதினார். அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. 1998இல் உலக வங்கியின் தலைவர் உல்ஃபன்ஸனும் கான்டர்பரி ஆர்ச்பிஷப் கேரியும் கூடி மதங்களுடன் உரையாடல் தொடங்கினார்கள். 2005இல் பிரிட்டிஷ் அரசின் பணத்தில் பர்மிங்ஹாமில் ஐந்தாண்டு ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. கோயிலும் சர்ச்சும் மசூதியும் ஊர் ஊராக ஆள் பலமும் நம்பகமும் உள்ளவை, அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நிபுணர்கள் பலர் கண்டுகொண்டார்கள். நேற்று மூடநம்பிக்கையாக இருந்தது இன்று 'சமூக மூலதனம்'. பாங்க்கில் வேலை பார்ப்பவனுக்கு மூலதனம் என்ற சொல் காதில் விழுந்தால் வட்டி எவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

தடையோ கருவியோ, எதற்குத் தடை, எதற்குக் கருவி என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம். அந்த முடிவையே கேள்விக்குள்ளாக்குவதுதான் இறையியல் செய்யக்கூடிய காரியம். 1971இல் குத்தியரெஸ் 'வளர்ச்சி' என்ற சொல்லை ஒதுக்கி 'விடுதலை'யை எடுத்துக்கொண்டபோது இதைச் செய்தார். நம்மிடையே இதை அவருக்கும் முன்பாகச் செய்தவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூர்க்காரர், கிறிஸ்தவர், தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். ஜபல்பூர் சிறையில் இருந்தபடி ஏசுவின் போதனை பற்றி ஒரு நூலும் 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூலும் எழுதினார். இரண்டும் 1945இல் வெளிவந்தன. அவற்றை இரண்டாகப் பிரித்துப் படிப்பது நமது சோம்பேறித்தனம். பிறரை உறிஞ்சி வாழ்வதில் தொடங்கி, கைம்மாறு கருதாத சேவையில் முடியும் ஐந்து வகைப் பொருளாதாரங்களை அவர் அடுக்குகிறார். அங்கே மதம் ஒரு காரணி அல்ல. பேரேட்டில் எது வரவு, எது பற்று என்று தீர்மானிக்கிற இடத்தில் அது இருக்கிறது. அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த ஏணி மிக நேராக நிற்கிறது, உச்சியில் ஒரு உபதேசியும் நிற்கிறார். ஆனாலும் துறையின் பாடத்திட்டங்களில் வெபருக்கு உள்ள இடம் இவருக்கு ஏன் இல்லை என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நான் வேலை பார்ப்பது ஏற்காட்டில். இங்கே சேர்வராயன் மலை உச்சியில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதம் திருவிழா. மலையாளிகள் (கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) கிராமம் கிராமமாகத் திரண்டு வருவார்கள். காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்று இவர்களே கதை சொல்கிறார்கள். 'ஆதிமனிதன்' தேடி வரும் நண்பர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இந்த மலைத்தொடரிலும் கொல்லிமலையிலும் பாக்ஸைட் இருக்கிறது. மேட்டூர் மால்கோ ஆலைக்காக அதை வெட்டினார்கள். அந்த ஆலை 1995இல் ஸ்டெர்லைட்டின், அதாவது பிற்பாடு வேதாந்தா என்று பெயர் கொண்ட குழுமத்தின் கைக்குப் போயிற்று.

அதே வேதாந்தாவின் லாஞ்சிகர் ஆலைக்காக ஒரிஸாவில் நியம்கிரி மலையை வெட்டப் பார்த்தபோதுதான் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2013 ஏப்ரல் 18 தீர்ப்பு, டோங்ரியா கோண்டுகளின் நியம ராஜா வழிபாடு பாதிக்கப்படுமா என்று கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்றது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. மலை தப்பியது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பின் பாஷையைக் கவனிக்க வேண்டும். கோண்டுகளின் வாக்கியத்தில் நியம ராஜா எழுவாய்: மலை அவனுடையது. கோர்ட்டில் அவன், அரசியல் சட்டத்தின் 25, 26ஆம் ஷரத்துகள் பக்தனுக்குத் தரும் உரிமையின் செயப்படுபொருளாகத்தான் நுழைய முடிந்தது. மலையைக் காப்பாற்ற இந்த இலக்கண மாற்றம் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஜெயித்ததிலும் இழப்பு இருந்தது என்கிறேன்.

நமது கவிதைகளும் இதில் யோக்கியமானவை அல்ல. மலைத் தெய்வத்தைப் பார்த்ததும் நமக்குப் படிமம் கிடைத்துவிடுகிறது. நிபுணர் தெய்வத்தை மூலதனமாக்குகிறார், நாம் தொன்மமாக்குகிறோம். இரண்டு இடத்திலும் தெய்வத்துக்கு வாயில்லை. எங்கள் சிறுபத்திரிகைப் பிரக்ஞை இந்த விஷயத்தில் உலக வங்கியைவிட அப்படியொன்றும் முன்னேறிவிடவில்லை.

சில வருஷங்களுக்கு முன் தலைச்சோலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கடன் கேட்டு வந்தார். இருபதாயிரம். படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "சாமிக்குத்தாங்க சார்" என்றார். திருவிழாவுக்குக் கடன் கிடையாது, கறவை மாடு என்று போட்டுக்கொள்கிறேன், ஆகிவிடும் என்றேன். எங்கள் தொழிலில் சகஜமான பொய். அவர் சிறிது நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லாத மாட்ட எழுதிப்புட்டு அந்தக் காசுல எப்பிடிங்க சார் சாமிக்குப் படைக்கறது?" என்று கேட்டு எழுந்து போய்விட்டார்.

இதைப் பல நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரு கவிதைகூட எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அந்த மே மாதம் திருவிழாவில் அவரைப் பார்த்தேன். பணம் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தேன். கீழே சேலத்தில் ஒருவரிடம் வாங்கினாராம்.

"அஞ்சு வட்டிங்க சார்" என்றார்.