பொய் ஈயும் கரைவலைப் பாடும்

தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணை. சோளகம் எழும்பினால் ஒரு கரை, வாடை இறங்கினால் மறு கரை என்று காற்றைப் பார்த்துத் தொழில் செய்யும் மன்னார்த் தீவு இது. இப்படிப்பட்ட ஊரின் மலரில் குளிர்நாட்டு ஆற்றுத் தூண்டிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இடுப்பளவு தண்ணீரில் கூதலோடு நின்று, இரையே இல்லாத தூண்டிலை நாள் முழுக்க வீசி, பிடித்த மீனையும் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வரும் மனிதரைக் கண்டால் நம் வாடியில் சிரிக்காதவர் இருக்கமாட்டார். ஆனாலும் அவருக்கும் நம் கரைவலைக்காரருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எப்படிப் பிடிக்கலாம் என்பதைவிட எப்படிப் பிடிக்கக்கூடாது என்பதில்தான் இரு தரப்பிலும் பேச்சும் சண்டையும் அதிகம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். தூண்டில் முள்ளில் இறகும் பட்டுநூலும் சுற்றிப் பூச்சிபோல் கட்டியதுதான் பொய் ஈ. அதற்குப் பாரம் கிடையாது. நம் கைத்தூண்டிலில் ஈயக்குண்டு தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தடித்த கயிறுதான் பாரம். ஈ அதன் பின்னால் சும்மா போகிறது. பிரம்பைப் பின்னால் கொண்டுபோய், கயிறு முழுவதும் பின்புறம் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னே வீச வேண்டும். பொறுக்காதவருக்குச் சாட்டை அடித்தாற்போல் படாரென்று சத்தம் கேட்கும்; நுனியில் ஈ இருக்காது.

பருவமும் ஈயும் ஆதியிலிருந்தே சேர்ந்தவை. 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களை மாதவாரியாகச் சொல்கிறது. ஆற்றில் எந்த மாதம் எந்தப் பூச்சி இறக்கை முளைத்து எழும்புகிறதோ அதைக் கட்டு என்பது அதன் சாரம். தூண்டில் மரபுகள் பிரிந்தது 19ஆம் நூற்றாண்டில். ஸ்கொட்லாந்துக்காரர் ஸ்டூவர்ட் 1857இல் எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார். ட்ரௌட் மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கிறது. ஆகவே கீழிருந்து மேல்நோக்கிப் போனால் அதன் முதுகுப்புறமாக அணுகலாம். அவருடைய ஈ நீருக்குள் மூழ்கிப் போகும்.

தெற்கு இங்கிலாந்தின் கண்ணாடித் தெளிவான சுண்ணாம்பு ஆறுகளில் ஹால்ஃபோர்ட் வேறு சட்டம் வைத்தார். 1886இலும் 1889இலும் வந்த அவரது நூல்களின்படி, மீன் மேலே வந்து பூச்சி தின்பதைக் கண்ணால் காணும்வரை வீசக்கூடாது. என்ன பூச்சி என்று அறிந்து அதே உருவில் மிதக்கும் ஈயை வீச வேண்டும். கயிறு ஓட்டத்தில் இழுபட்டு ஈ சிறிது குறுக்கே நகர்ந்தாலும் மீன் திரும்பிப் பார்க்காது. அது கலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சீடர்கள் கையில் அது மதமாகிவிட்டது. ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் பிடித்த மீனின் வயிற்றை ஒரு நீண்ட கரண்டியால் கிளறிப் பார்த்தார். மேலே மிதந்த பூச்சியைவிட, நீருக்கடியில் இன்னும் இறக்கை விரிக்காத இளம்பூச்சிகளே அதிகம் கிடந்தன. அதைப்போல் கட்டி மூழ்கவிட்டார். 1910இல் அதை நூலாகவும் எழுதினார். சர்ச்சை அடங்கவேயில்லை, 1938இல் இலண்டன் தூண்டில் கழகத்தில் இது முறையா என்று விவாதமே நடந்தது. மீனின் வயிறு சொன்ன சாட்சிக்கு மேல் என்ன வேண்டும்? என் வாக்கு ஸ்கியூஸுக்குத்தான்.

சால்மன் கதை வேறு. (பலசரக்குக் கடை டின்மீனோடு குழப்ப வேண்டாம், அந்த டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் மெக்கரல்.) கடலில் கொழுத்து, முட்டையிட ஆறேறும் சால்மன் ஆற்றுக்குள் இரை தின்பதில்லை. தின்னாத மீன் ஏன் ஈயைக் கவ்வுகிறது? கோபமா, பழக்கமா, யாருக்கும் உறுதியில்லை. எதைப்போல் கட்டுவது என்ற கேள்வியே இல்லாததால் விக்டோரியா காலத்தவர் உலகத்துப் பறவைகளையெல்லாம் முள்ளில் ஏற்றினார்கள். நம் அயலும் அதில் சேர்ந்தது. தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு மினுக்கத்தோடு மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அந்த இறகு இல்லாமல் நல்ல சால்மன் ஈ இல்லை என்றார்கள். இலங்கைக் காட்டுக்கோழிக்கு அந்தப் புள்ளி கிடையாது, தப்பித்தது.

ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றில் கரையோர மரங்கள் பின்வீச்சுக்கு இடம் தராததால், கயிற்றை நீர்மேலேயே சுருட்டி எறியும் வீச்சு வளர்ந்தது. அங்கே பருவம் பெப்ரவரி 11 முதல் செப்ரெம்பர் 30 வரை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கொட்லாந்து முழுவதும் சால்மனுக்குத் தூண்டில் போட முடியாது. ஞாயிறும் வெள்ளியும் கடலுக்குப் போகாத வழக்கம் நம் கரைக்கும் புதிதல்ல. ஸ்கொட்லாந்தில் 2015 முதல், மார்ச் 31 வரை பிடிபடும் சால்மனை விட்டேயாக வேண்டும் என்பது சட்டம்.

இந்த மரபு இலங்கைக்கும் வந்தது. 1880களில் நுவரெலியாவுக்குப் பழுப்பு ட்ரௌட்டின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த வானவில் ட்ரௌட்தான் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் தானாகப் பெருகியது. இந்தியாவின் நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் ட்ரௌட் வளர்க்க முயன்று தோற்றார். ஆனால் அங்கே ஓடைக்கு மீனைவிடச் சட்டம் முந்திவிட்டது. வேட்டைக்கும் மீனுக்குமான காப்புச் சட்டம் 1879இலேயே வந்தது. மீன் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் போன முட்டைகளால். உரிமச்சீட்டு, அளவு வரம்பு, ஈ மட்டும் என எல்லா ஒழுங்கும் சரியாகவே இருந்தது. ஆனால் ஓடைக்குப் பக்கத்து லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சீட்டு எட்டாத பொருள். இந்த மரபைப் புகழ்பவர்கள் இதை அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

கரைவலையின் ஒழுங்கு பசிக்காரர் தங்களுக்குள் வகுத்தது. ஒரு பாட்டில், அதாவது வலை வளைக்கும் கரைப்பகுதியில், பல வலைகள் இருந்தால் முறைவைத்துத்தான் வளைக்க வேண்டும். கரையில் நிற்பவர் நீரின் நிறம் கறுப்பதைப் பார்த்துக் கைகாட்டுவார். வள்ளம் அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டு போகும். இரண்டு கம்பாக்கயிற்றையும் இரண்டு குழு இழுக்கும். இன்று முறை உள்ளவரின் வலையில் சூடை ஒரு கூடைகூட விழாமல் போகலாம். நாளை முறைக்காரருக்கு முன்னால் கீரி மீன் கூட்டமாகத் துள்ளலாம். ஆனாலும் அவர் இன்று வலை போட முடியாது. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைக்காரர் இதையே சீட்டுக் குலுக்கித் தீர்க்கிறார்கள். இதிலும் குறை உண்டு. வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு இலகுவில் திறப்பதில்லை, அதுவும் அந்த ட்ரௌட் ஓடையைப் போலத்தான்.

அரசுச் சட்டமும் உண்டு: தங்கூசி வலை தடை. இழுவைமடி 2017 திருத்தச் சட்டத்தால் தடை. இருந்தும் கடலடியை அரித்துப் போகும் இழுவைப் படகுகளுக்குப் பாக்கு நீரிணையில் குறைவில்லை. அந்தப் படகுக்காரருக்குக் கரையில் நின்று முறை சொல்ல ஆளில்லை.

ஹால்ஃபோர்டும் ஸ்கியூஸும் சண்டை பிடித்ததெல்லாம் அச்சில் இருக்கிறது. நம் பாடுகளின் முறையோ வாய்மொழியில்தான் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நம் ஊரான தாராபுரமும் வெறுமையானது. திரும்பி வருவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. எந்தக் கரையில் எத்தனை வலை, எந்தக் காற்றுக்கு யார் முறை, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று அறிந்த மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்பவர்கள் முதலில் அவர்கள் வீட்டுக்கு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போகட்டும்.